உச்சிக்குப் போன குரலும் இறங்கி வந்த குரலும்

2025 பிப்ரவரி 9, இரவு 10.40 (கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளத்து வாசகர் கேட்டது)

டிவி பாட்டுப் போட்டியில் இன்றைக்கு நம் சித்தூர்ப் பக்கத்துப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்கள். அழகாகத்தான் பாடினாள். அவளுக்குப் பின்னால் வந்த பையன் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தான், நடுவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிட்ச் போதாது, டெக்ஸ்சர் இல்லை, டைனமிக்ஸ் இல்லை என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. என் மகள் வேறு அடுத்த ஆடிஷனுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறாள். பாட்டு டீச்சர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். குரலை எதை வைத்து எடை போடுகிறார்கள்? எல்லாம் முதலிலேயே முடிவு செய்ததுதானா?

பிப்ரவரி 10, காலை 5.50

அண்ணா, நான் பாட்டு டீச்சர்தான். கொழிஞ்சாம்பாறையில் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று நானும் பார்த்தேன். முடிவு முதலிலேயே எடுத்ததா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குரல் எவ்வளவு மேலே போகிறது என்று பார்க்காதீர்கள். போனது எப்படி இறங்கி வருகிறது என்று கேளுங்கள். மேலே ஏறும்போது உடம்பிலுள்ள தெம்பெல்லாம் சேர்ந்து தள்ளிவிடும். இறங்கும்போது அந்தத் தள்ளல் கிடையாது, மூச்சும் காதும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், நின்றது நிஜம். ஆனால் அடுத்த வரியில் ஷட்ஜத்துக்கு, அதாவது 'ஸ' என்கிற அடி ஸ்வரத்துக்கு, திரும்பியபோது ஒரு நூல் கீழே போய் உட்கார்ந்தான். அதே சமயம் வாத்தியமெல்லாம் பொங்கி எழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சித்தூர்ப் பெண் ஒரு இடத்திலும் சுருதி விடவில்லை. அவள் சறுக்கியது தாளத்தில். பல்லவியை மூன்றாம் முறை எடுக்கும்போது கொஞ்சம் முந்திவிட்டாள். அதைச் சொல்லாமல் டெக்ஸ்சர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தாளம் என்று சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போய்ச் சரி செய்திருப்பாள். எனக்குக் கோபம் அதில்தான்.

அடுப்பில் பால் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, இரவு 9.15

வீட்டில் உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் வரி முடியும் இடத்தை மட்டும் கவனிப்பேன். வரியின் தொடக்கம் எல்லோருக்கும் நன்றாக வரும், அப்போதுதான் மூச்சு எடுத்திருப்பார்கள். கடைசி எழுத்தில் மூச்சு தீரும்போது ஸ்வரம் தொங்குகிறதா, நின்றபடி அணைகிறதா? விளக்கில் எண்ணெய் தீர்ந்து அணைவதற்கும் நாமாகத் திரியை இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அடுத்தது மூச்சு எடுக்கும் இடம். 'நிலவொளி' என்ற சொல்லை 'நில' என்று நிறுத்தி மூச்சு வாங்கி 'வொளி' என்று பாடுகிற குழந்தைக்கு மூச்சும் போதவில்லை, சொல்லின் பொருளும் மனதில் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கீழ் ஸ்வரங்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாங்கள் சொல்லும் எண். பெரும்பாலான பெண்களுக்கு 5 முதல் 6 கட்டை, ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை வசதி. ஆண் பாடின பாட்டை ஒரு பெண் அதே சுருதியில் எடுத்தால் கீழே போகும்போது வெறும் காற்றுதான் வரும். அதைக் குரலின் குறை என்று சொல்லக் கூடாது. சுருதியைத் தேர்ந்தெடுத்தவரின் குறை.

பிப்ரவரி 11, பகல் 1.05

மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர் 'சங்கதி' பற்றிக் கேட்டிருக்கிறார். 2006இல் ஏசியாநெட் மலையாளச் சேனலில் ஸ்டார் சிங்கர் பாட்டுப் போட்டி வந்த பிறகு எங்கள் பக்கத்து டீக்கடையில்கூட "சங்கதி போரா" (சங்கதி போதாது) என்பார்கள். ஒரு நாள் பால்காரர் எங்கள் வீட்டுப் பாலைக் குடித்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார், வீடே சிரித்தது. டிவியில் குரலை எங்கே சுழற்றினாலும் சங்கதி என்கிறார்கள். அது அப்படி இல்லை. ஒரே வரியை முதலில் வெறுமனே பாடி, அடுத்த தடவை ஒரு வளைவு சேர்த்து, அதற்கடுத்து இன்னொன்று சேர்த்து வளர்ப்பதுதான் சங்கதி. வேகமாக உருட்டுவது பிருகா. முதல் வரியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற குழந்தைக்கு மூன்றாவது வரியில் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

பிப்ரவரி 13, இரவு 10.30

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் தங்கை மகள் ஒரு பாட்டு நிகழ்ச்சியின் படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தாள். எந்தச் சேனல் என்று சொல்லப் போவதில்லை. அரங்கில் ஒரு போட்டியாளர் அனுபல்லவியில் அப்பட்டமாக விலகிவிட்டார். இவளும் பக்கத்தில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானபோது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தோம். அந்த வரி ஊசி போலச் சுருதியில் வந்தது. தங்கை மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குரலைச் சரி செய்கிற ஆட்டோடியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கியவர் ஆண்டி ஹில்டபிராண்ட், எண்ணெய் நிறுவனத்தில் பூமிக்கடியில் அனுப்பும் அதிர்வுகளை அளந்துகொண்டிருந்த பொறியாளர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பினார். கருவி கேட்ட ஸ்வரத்தைப் பக்கத்திலுள்ள சரியான ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். நிதானமான பாட்டில் லேசாகப் போட்டால் நானே கண்டுபிடிக்க மாட்டேன். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, உள்ள இடத்தில் மாட்டிக்கொள்ளும். தோடி ராகத்தின் காந்தாரம் ('க' ஸ்வரம்) ஒரு இடத்தில் நிற்காது, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். கருவியைப் பன்னிரண்டு ஸ்வரத்துக்கு இறுக்கி வைத்தால் அந்த ஊஞ்சல் படிக்கட்டாகிவிடும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் டக் டக்கென்று ஏறினால் சந்தேகப்படுங்கள்.

ஆக, நடுவர்கள் கேட்டது ஒன்று, நாம் கேட்டது இன்னொன்றாக இருக்கலாம். உங்களுக்கு ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை என்றீர்களே அண்ணா, உங்கள் காதைக் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 13, இரவு 11.20

மேலே எழுதி முடித்ததும் ஒன்று உறைத்தது. அப்படியென்றால் அந்தப் பையன் ஷட்ஜத்தில் ஒரு நூல் இறங்கினான் என்று நான் திங்கட்கிழமை எழுதியது? ஒளிபரப்பில் கேட்டுத்தானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தம்புரா வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பிப்ரவரி 16, மாலை 4.00

கேட்டேன். ஹெட்போன் போட்டு, கைபேசியில் தம்புராவை அதே சுருதியில் ஓடவிட்டு, அந்த இடத்தை ஆறு தடவை கேட்டேன். பையன் ஷட்ஜத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். கீழே போனதாக எனக்குப் பட்டது, முந்தின வரியின் எக்கோ அணையாமல் அவன் மேல் விழுந்ததால். திங்கட்கிழமை எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தெரியாத ஒரு பிள்ளை மேல் இல்லாத குற்றத்தைச் சொல்லிவிட்டேன், மனது கஷ்டமாக இருக்கிறது.

ஏன் அப்படிக் கேட்டது? எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். கையைத் தூக்கி, கண்ணை இறுக்கி, முட்டி போட்டு அவன் பாடினது எனக்குப் பிடிக்கவில்லை. கண் சொன்னதைக் காது எழுதிக்கொண்டது.

என் கூடப்பிறந்த அண்ணனின் மகன் ஒரு ஆய்வைக் காட்டினான். சியா ஜுங் சாய் என்பவர் 2013இல் வெளியிட்டது. இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றை ஒரு கூட்டத்துக்கு ஒலி மட்டும் போட்டுக் காட்டினார், இன்னொரு கூட்டத்துக்குச் சத்தமே இல்லாமல் படம் மட்டும். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லச் சொன்னார். சத்தமில்லாமல் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசையே தொழிலாக இருப்பவர்களும் அதில் அடக்கம். இத்தனைக்கும் முக்கியம் ஒலிதான் என்று பெரும்பாலானவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

2010இல் நெதர்லாந்தில் தி வாய்ஸ் என்ற டிவி பாட்டுப் போட்டி தொடங்கியபோது, பாடுகிறவர் முகம் தெரியாதபடி நடுவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டது எவ்வளவு சரி என்று இப்போது தோன்றுகிறது. முதல் சுற்றில் மட்டும்தான் அப்படி. பிறகு அங்கேயும் முகம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 17, காலை 6.10

உச்சரிப்பு. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் "மலையாளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் நுழையாது, மார்க் குறைக்கத்தான் வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மலையாளப் பிள்ளைகள் வீட்டிலேயே அதைப் பேசி வளர்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நான் பாடுபடுவது தமிழ்ப் பிள்ளைகளிடம், 'பளம்' என்றும் 'மளை' என்றும் வரும். ரகர றகர வித்தியாசமும் அப்படித்தான். 2010இல் சூப்பர் சிங்கர் ஜூனியரில் வென்ற அல்கா அஜித் கேரளத்துப் பெண்தான்.

அவர்கள் மாட்டிக்கொள்வது 'காற்று', 'நேற்று' போன்ற சொற்களில். மலையாளத்தில் ற்ற என்பதை நாக்கின் நுனியைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறில் அழுத்தி, டகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு ஒலியாகச் சொல்வார்கள். நாம் ஒரு ரகரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். டிவியில் ஒரு குழந்தையை இதற்காக நாலு தடவை திருப்பிச் சொல்ல வைத்ததைப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கிட்டத்தட்ட அந்தக் குழந்தை சொன்னது போலத்தான் சொல்வார்கள். அது தப்பு அல்ல, வேறு ஊர்த் தமிழ். சினிமாப் பாட்டுக்கு நம் வழக்கம் வேண்டும் என்றால் அப்படிச் சொல்லி மாற்றலாம், மார்க்கை வெட்டக் கூடாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதே அடி இந்தப் பக்கம் விழுகிறது. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மலையாள லளிதகானம் (மெல்லிசை) பாடும்போது 'பாவம்' (bhaavam), 'தனம்' (dhanam) என்கிற இடத்தில் மூச்சு சேர்ந்த எழுத்து வராது. குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் "தமிழ்ச் சுவை" என்று தாளில் எழுதிவிடுவார்கள். ஏ கிரேடு பி கிரேடு ஆகிவிடும். ஏ கிரேடுக்கு 5 புள்ளி, பி கிரேடுக்கு 3. இந்த ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தில் திருச்சூர் 1008, நம் பாலக்காடு 1007. ஒரே புள்ளியில் தங்கக் கோப்பை போனது. எங்கேயோ ஒரு குழந்தையின் ஒரு எழுத்து அதில் இருந்திருக்கும் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 17, இரவு 8.45

வைப்ரேட்டோ பற்றிக் கேட்டவருக்கு: குரல் ஆட்டத்தைக் கட்டுப்பாடில்லாமை என்றுதான் நான் மாணவர்களிடம் சொல்லிவந்தேன். எங்கள் ஊர் தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கிறிஸ்துமஸ் பூசையில் அவள் பாடியதைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்வதில்லை. ஆட்டம் ஒரே அளவில், அவள் நினைத்த இடத்தில் தொடங்கி, நினைத்த இடத்தில் நின்றது. மூச்சு தீர்ந்து நடுங்குவது வேறு, இது வேறு. நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

பிப்ரவரி 20, இரவு 11.00

ஓணத்துக்கு எங்கள் பக்கத்து ஊர் மன்றம் ஒன்று பாட்டுப் போட்டி வைத்தது. ஏழெட்டு வருடம் ஆகிறது. நான்தான் நடுவர், கூட இன்னும் இரண்டு பேர். பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, மேலே ஃபேன் இல்லாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர், பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் 5 கட்டையில் ஆரம்பித்தான். பல்லவி அப்படியே தேன். சரணத்தில் மேல் காந்தாரத்துக்குப் போகும்போது குரல் உடைந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. மறுபடியும் அதே வரியை எடுத்தான், மறுபடியும் உடைந்தது. மூன்றாவது தடவை அந்த இடத்தை மட்டும் வாயை அசைத்துவிட்டு, சத்தமே இல்லாமல், தாளம் தவறாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டான். நான் தாளில் 'தார ஸ்தாயி போதாது' என்று எழுதி நூற்றுக்கு ஐம்பத்திரண்டு போட்டேன்.

மகரக்கட்டு. அந்த வயதில் பையன்களுக்குத் தொண்டையே மாறிக்கொண்டிருக்கும், குரல்நாண் நீண்டு தடிக்கும், அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கையில் தாள் இருக்கும்போது அன்றைக்கு வந்த சத்தத்தை மட்டும்தான் அளந்தேன். சுருதியை இரண்டு கட்டை இறக்கிப் பாடுப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உடைந்த இடத்தில் பதறாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு தாண்டினானே, அது எவ்வளவு பெரிய தேர்ச்சி! டிவியில் பத்து வருடம் மேடை ஏறினவர்களுக்கே அது வருவதில்லை.

மூன்று வருடம் கழித்து அய்யப்பன் விளக்கு பஜனையில் அவனைக் கேட்டேன். 1 கட்டையில், கனமாக, நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தான். முடிந்ததும் போய்ப் பேசினேன். அன்றைய மார்க்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 21, காலை 7.30

நேற்று எழுதியதற்குப் பிறகு ஞாபகம் வந்தது. 1958 மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தில் ஜேசுதாஸ் வாய்ப்பாட்டில் முதல், பி. ஜெயச்சந்திரன் மிருதங்கத்தில் முதல். ஒருவர் பாட மற்றவர் வாசிக்கிற அந்தப் பழைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கத்துக்குப் பரிசு வாங்கின பையன் பின்னாளில் தமிழிலும் மலையாளத்திலும் நம்மை உருக்குகிற பாடகராக வந்தார். போன மாதம் 9ஆம் தேதி திருச்சூரில் காலமாகிவிட்டார். அவர் பாட்டில் ஒரு சொல்கூடத் தாளத்தில் இடிக்காமல் தானாக வந்து உட்காரும். அந்த மிருதங்கம் அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 22, இரவு 10.10

சரி, ஆடிஷன். அண்ணா, உங்கள் மகளை அனுப்பலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள்.

என் தங்கை மகளை ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன். விடியற்காலை நாலு மணிக்கு வாளையார் தாண்டிப் போய் வரிசையில் நின்றோம். பகல் இரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அரை நிமிடம் பாடினாள். அப்புறம் ஐந்து நிமிடம் கேள்வி. அப்பா என்ன வேலை, வீட்டில் ஏதாவது கஷ்டமா, யாராவது இறந்துவிட்டார்களா. அவள் அப்பா முதலமடையில் மாங்காய் லோடு ஓட்டுகிறார், கஷ்டமில்லை, நல்லா இருக்கோம் என்றாள். உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வீடு வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: "பெரியம்மா, நான் சுருதி விட்டேனா?" விடவில்லை. அதை அவளை நம்ப வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். குரல் பயிற்சிக்கென்றே அனந்த் வைத்தியநாதன் போன்ற ஒருவரை சூப்பர் சிங்கரில் உட்கார வைத்தார்களே, அவர் தாடை எங்கே இறுகுகிறது, மூச்சு எங்கே சிக்குகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுத்ததைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு வார்த்தை கிடைக்கும் என்றால் போகலாம்.

பிப்ரவரி 24, காலை 6.00

மஞ்சப்பிரா நம் பாலக்காட்டில்தான் இருக்கிறது. கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதன் பிறந்த ஊர். அவர் குரல் அடிக்கிணற்றிலிருந்து வருவது போல இருக்கும், மிக விளம்பமாக, அதாவது மெதுவாகப் பாடுவார், உச்சிக்குப் போய் நிற்கிற ஆசையே கிடையாது. அவர் இருக்கும்போதே இது என்ன பாட்டு என்று எழுந்து போனவர்கள் உண்டு. 1974இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு ஸ்வரத்தை எடுத்து, அதிலேயே நின்று, மெல்ல அடுத்ததில் இறங்குவார். இசைக் கல்லூரியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. நாற்பது வயதுக்குப் பிறகுதான் காது திறந்தது. ரேஞ்ச் என்று பட்டியலில் ஒரு கட்டம் போட்டு மார்க் கொடுத்தால் இப்படிப்பட்ட குரலுக்கு அங்கே என்ன எழுதுவது? மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இருக்கிற இடத்தில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். நான் அடுத்த ஓணத்துக்கு வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 26, இரவு 9.00

அண்ணா, ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கரோக்கி வேண்டாம், செல்போனில் ட்ராக் வேண்டாம். அவளுக்குப் பிடித்த பாட்டு எதுவானாலும் சரி. காலையில் தயிர் கொடுக்காதீர்கள்.

மார்ச் 2, மாலை 5.30

வந்திருந்தாள். பதினோரு வயது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை நடுங்கியது. டிவியில் கைதட்டல் வாங்கின அதே பாட்டைத்தான் எடுத்தாள், அதே இழுப்போடு. கழுத்து நரம்பு புடைத்தது, தோள் காது வரை ஏறியது. இழுத்து முடித்துவிட்டு, கைதட்டுவோமா என்று எங்களைப் பார்த்தாள்.

தம்புராவை 5 கட்டையில் வைத்துவிட்டு, அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். நானும் அவள் அப்பாவும் திண்ணைக்கு வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டோம். மேல் ஷட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கு, அவசரமில்லை என்றேன். ஸ நி த ப வரை கொஞ்சம் காற்று கலந்து வந்தது. மத்தியமத்தில் நின்றாள், மூச்சு வாங்கினாள். காந்தாரத்திலிருந்து குரல் வேறாகிவிட்டது, வழவழவென்று, கனமில்லாமல். கடைசி ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்தபோது தம்புரா எது, அவள் குரல் எது என்று ஒரு கணம் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

உள்ளேயிருந்து "டீச்சர், இன்னும் கீழே போகட்டுமா?" என்று கேட்டாள்.